எண்பத்தொன்பதுக்கு மறுநாள்

இன்றைக்கு நான் வேலைக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு, கோட்டுக்கு மேல் மேனேஜர் குணசீலனின் சாய்ந்த எழுத்தில் ‘பிரேக்’. காலையில் வந்ததும் அதைத்தான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் செருப்பை நாற்காலிக்கு அடியில் தள்ளி, ஃபேனை மூன்றில் வைத்து, கம்ப்யூட்டரைப் போட்டு, பதினோரு பிறப்புச் சான்றிதழும் இரண்டு இறப்புச் சான்றிதழும் அச்சடித்துக் கொடுத்தாகிவிட்டது. வாங்கிக்கொண்டு போனவர்கள் யாருக்கும் வராத ஆளிடம் வாங்குகிறோமே என்ற சந்தேகம் வரவில்லை. தாழையூர் நகராட்சியில் தற்காலிகப் பணியாளர் என்றால் எண்பத்தொன்பது நாள் வேலை, தொண்ணூறாவது நாள் பிரேக். அன்றைக்கு நம்மை வேலையிலிருந்து விடுவித்துவிடுவார்கள், மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று பின்னால் யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாதல்லவா, அதற்காக. விடுவித்த நாளிலும் ஒன்பதரைக்கு போன் வரும், எங்கம்மா இருக்க, ஜனங்க க்யூவில நிக்குதேன்னு. முதல் இரண்டு தடவை போன் வந்தபிறகு வந்தேன். அப்புறம் போன் தேவைப்படவில்லை. பதினான்கு வருடத்தில் ஐம்பத்தாறு முறை நான் இல்லாமல் போயிருக்கிறேன், ஐம்பத்தாறு முறையும் இந்த நாற்காலியில்தான் இருந்தேன். இன்றைக்கு ஐம்பத்தேழாவது.

இப்போது மணி ஒன்று. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். என் மேஜைமேல் எண்பத்து நான்கு பக்கக் கட்டு ஒன்று, பச்சை நாடா கட்டியது. அதை ஸ்கேன் செய்து மூன்று மணிக்குள் நீதிமன்றத்தின் தளத்தில் ஏற்ற வேண்டும், அங்கே மூன்றுக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் வாங்காது. ஸ்கேனரோ முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது. இடமில்லை என்கிறது. மை கம்ப்யூட்டரைத் திறந்தால் சி டிரைவுக்கு அடியில் சிவப்புக் கோடு முட்ட முட்ட நிறைந்து கிடக்கிறது. இருப்பது ஒரே டிரைவ், டி டிரைவ் செத்து இரண்டு வருடமாகிறது. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

“ஸ்கேனர் எடுக்க மாட்டேங்குது சார். டிஸ்க்ல இடமில்லைங்குது.”

“இடமில்லைன்னா இடம் பண்ணு. என் மருமகன் கம்ப்யூட்டர் லைன்லதான இருக்காரு, அவரு சொல்வாரு, டெம்ப்னு இருக்கிறதெல்லாம் குப்பையாம். எல்லா டெம்ப்பையும் தூக்கிடு.” சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். “கம்ப்யூட்டர்ல இருக்கிற டெம்ப்பைச் சொன்னேன்மா” என்று சிரித்துவிட்டு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போனார்.

இந்த ஆபீசில் டெம்ப் என்றால் நாங்கள். தற்காலிகம் என்று முழுதாகச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. டெம்ப் எத்தனை பேர், டெம்ப்புக்கு டீ உண்டா, டெம்ப்பை அனுப்பு அந்த வேலைக்கு. என் மகள் ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துப் படிவத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் டெம்ப் என்று எழுதிக் கொண்டுபோய்விட்டாள், டீச்சர் கூப்பிட்டு அது என்ன தொழில் என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல, சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து குழம்பைத் தாளிக்கும்போது அழுகை வந்தது, கடுகு வெடித்தது கண்ணில் பட்டுவிட்டது என்றேன். இந்தப் பச்சை நாடாக் கட்டும் எங்களைப் பற்றியதுதான். இருபத்துமூன்று டெம்ப்கள் சேர்ந்து, எங்களை நிரந்தரமாக்குங்கள், பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து உழைத்திருக்கிறோம் என்று போட்ட வழக்குக்கு நகராட்சி எழுதியிருக்கும் பதில். திங்கட்கிழமை வாய்தா. நாங்கள் தோற்றால் அடுத்த மாதம் ஒரு ஏஜென்சியின் ஆட்கள் வந்து இந்த நாற்காலியில் உட்காருவார்கள், அதற்கு உத்தரவுகூடத் தயார், அதை டைப் அடித்ததும் நான்தான். இந்த வழக்கில் முதல் மனுதாரர் வால்வு திறக்கும் அந்தோணிச்சாமி அண்ணன், நான்காம் மனுதாரர் ப. தமயந்தி, அதாவது நான். நான்காம் மனுதாரருக்கு எதிரான பதிலை நான்காம் மனுதாரரே ஸ்கேன் செய்ய வேண்டும், ஏனென்றால் ஸ்கேனரை எப்படித் திறப்பது என்று இந்த ஆபீசில் நிரந்தரமாக இருக்கிற யாருக்கும் தெரியாது. செய்ய மாட்டேன் என்று எழுந்து போய்விடலாம். இன்றைக்கு நான் வரவே இல்லையே, யார் என்னைக் கேட்க முடியும். ஆனால் போக மாட்டேன். இவர்கள் வேலையைக் கெடுத்துவிட்டுப் போனாள் என்ற பேர் எனக்கு வேண்டாம். எண்பத்து நான்கு பக்கமும் ஒரு மடிப்பு, ஒரு கோணல் இல்லாமல் ஏற்றித் தருவேன்.

இடம் பண்ண வேண்டும். ஆனால் கை கூசுகிறது. எனக்கு முன்னால் இந்த இடத்தில் இருந்த வின்சென்ட் இடம் பண்ணித்தான் வேலையை விட்டுப் போனார். கோப்புகளையெல்லாம் அளவு வாரியாக அடுக்கி, எதெல்லாம் பெரிதோ, எதன் பேர் எல்லாம் புரியவில்லையோ, அதையெல்லாம் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு, திரும்ப எடுக்க முடியாதபடி அழித்தார். புரியாத பேரில் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறாய் என்று அவருக்குக் கோபம். மெஷின் அன்றைக்கு ராத்திரி அணைந்தது, மறுநாள் எழுந்திருக்கவில்லை. மூன்று வாரம் பிறப்புச் சான்றிதழ் கையால் எழுதினார்கள், வின்சென்ட்டை அடுத்த பிரேக்குக்குப் பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான், மெமோ கூடக் கிடையாது, டெம்ப்பை அனுப்ப மெமோ எதற்கு. அதனால் நான் விண்டோஸ் ஃபோல்டருக்குள் கை வைப்பதில்லை. சிஸ்டம் முப்பத்திரண்டு என்ற பெயரைக் கண்டால் மவுஸைத் தூரத் தள்ளி வைப்பேன். எதை அழிக்கலாம் என்று மெஷினுக்கே தெரியும், அதனிடம்தான் கேட்க வேண்டும். சி டிரைவ் மேல் வலது க்ளிக், பிராப்பர்ட்டீஸ், டிஸ்க் கிளீனப், பிறகு கீழே இருக்கிற கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ். இந்தக் கடைசிப் பொத்தானை முக்கால்வாசிப் பேர் பார்ப்பதே இல்லை. மேலோட்டமாகப் பெருக்கிவிட்டுக் கட்டிலுக்கு அடியைக் குனிந்து பார்க்காதவர்கள் அவர்கள். அழுத்தினேன். கணக்கிடுகிறேன், பொறு என்றது. பொறுத்தேன். பொறுப்பதில் எனக்குப் பதினான்கு வருட அனுபவம் உண்டு, அதற்கு மட்டும் சான்றிதழ் கேட்டால் எவனும் மறுக்க முடியாது.

சன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குக் கீழே அந்தோணிச்சாமி அண்ணன் வால்வுச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார். ஆளுயரச் சாவி. என்னைப் பார்த்ததும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன தங்கச்சி, இன்னைக்கு ஒனக்கு பிரேக்குன்னாங்க?”

“பிரேக்தாண்ணே. ஆவியா வந்து ஒக்காந்திருக்கேன்.”

“நானும் போன வாரம் அப்படித்தான். நான் பிரேக்குன்னு தண்ணி பிரேக் எடுத்துக்குமா. அஞ்சு மணிக்குத் தொறந்து விடலைன்னா கீழத்தெரு முழுக்கக் குடத்தோட வந்து நிக்கும். திங்கக்கிழமைக்கு வக்கீலம்மா என்ன சொன்னாங்க?”

“காகிதம் கேக்குறாங்கண்ணே.”

“காகிதத்துக்கு எங்க போக. நான் தொறந்த தண்ணிய ஊரு குடிச்சிருச்சே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உண்மைதான். போன ஞாயிற்றுக்கிழமை வக்கீலம்மா வீட்டு மாடியில் எங்கள் இருபத்துமூன்று பேரையும் உட்காரவைத்து அதைத்தான் சொன்னார். நீங்க பிரேக் நாள்லயும் வந்தீங்கன்னு நான் நம்புறேன், ஜட்ஜ் எதை வச்சு நம்புவாரு, உங்க கையெழுத்தே இல்லாத நாள்ல நீங்க இருந்தீங்கன்னு ஒரே ஒரு காகிதம் கொடுங்க, ஒரே ஒரு நாளுக்கு இருந்தாலும் மொத்தப் பொய்யும் உடைஞ்சுரும். துப்புரவு வேலை பார்க்கும் ராக்கம்மா அன்றைக்குப் பெருக்கிய குப்பையையா காட்ட முடியும். எனக்கு மகள் பிறந்த சமயம் நினைவுக்கு வந்தது. பேறுகால விடுப்பு டெம்ப்புக்குக் கிடையாது. அப்போதிருந்த மேனேஜர் இரக்கப்பட்டு, சம்பளமில்லாம இருபது நாள் இருந்துக்கோம்மா என்றார், இரக்கமே இருபது நாள்தான் வந்தது. தையல் ஆறாமல் இருபத்தோராம் நாள் வந்து உட்கார்ந்தேன். மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், வரி நோட்டீசை அடித்துக்கொண்டே நடுவில் பாத்ரூமுக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சித் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். அந்த வாரத்திலும் ஒரு பிரேக் வந்தது. அன்றைக்கும் நான் வரவில்லை என்றுதான் பதிவேடு சொல்லும்.

பட்டியல் வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்னக் கட்டம், டிக் அடித்தால் போய்விடும். விண்டோஸ் அப்டேட்டின் மிச்சங்கள், மூன்று ஜிபி, போகட்டும். பிழை வந்தபோது எழுதிவைத்த குறிப்புகள், போகட்டும். படங்களின் சிறு உருவங்கள், அழித்தால் மறுபடி தானே செய்துகொள்ளும், போகட்டும். ரீசைக்கிள் பின்னை ஒரு தடவை திறந்து பார்த்தேன். மேனேஜர் தனக்கு வருகிற ரோஜாப்பூ காலை வணக்கங்களை இந்த மெஷினில் இறக்கி, அழித்து, அழித்ததைக் காலி செய்யாமல் விட்டிருக்கிறார், ஆயிரத்துச் சொச்சம் ரோஜா. போகட்டும். டெம்பரரி ஃபைல்ஸ். இங்கே விரல் நின்றது. பயத்தால் அல்ல, அந்த வார்த்தைக்கு ஒரு மரியாதை. வேலை நடக்கும்போது வேண்டியிருக்கும், நடந்து முடிந்ததும் வேண்டாம், இன்றியமையாததாக இருந்த சுவடே இல்லாமல் துடைத்துவிடலாம், பாதுகாப்பாக. பாதுகாப்பு யாருக்கு என்று மட்டும் இந்தப் பெட்டி சொல்வதில்லை. சரி, இது மெஷினின் டெம்ப், இதற்குக் குடும்பம் கிடையாது, டிக் அடித்தேன். என்னுடைய டெம்ப் வேறு. டெஸ்க்டாப்பில் இடது மூலையில் டெம்ப் என்று ஒரு ஃபோல்டர், பெயர் நான் வைத்ததுதான். பிரேக் நாளில் செய்கிற வேலையை வரி, குடிநீர், பிறப்பு இறப்பு என்கிற பெரிய ஃபோல்டர்களில் சேமிக்கக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். ஆடிட்டில் அன்றைய தேதி வந்துவிட்டால், வராத ஆள் எப்படிச் செய்தாள் என்று கேட்பார்களாம். அதனால் பிரேக் நாள் வேலையை டெம்ப்பில் போட்டு வைத்து, மறுநாள் புதிதாகச் சேர்ந்தபிறகு அதன் நகலை அந்தந்த ஃபோல்டரில் போட வேண்டும். நகலைப் போடுவேன், மூலத்தை அழிக்க மாட்டேன். சோம்பல்தான், வேறொன்றுமில்லை. மெஷின் மாற்றியபோதும் அந்த ஃபோல்டரை அப்படியே தூக்கி வந்தேன். அப்படியென்றால். மவுஸைப் பிடித்த கை அப்படியே நிற்கிறது. அப்படியென்றால் அந்த டெம்ப்பில் இருப்பதெல்லாம் பிரேக் நாள் வேலை மட்டும்தான். ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் கடைசியாகத் திருத்திய தேதி இருக்கும். நான் இல்லாத நாள்கள் மட்டும், வரிசையாக, பதினான்கு வருடம். போன ஞாயிற்றுக்கிழமை இது ஏன் என் மரமண்டையில் உறைக்கவில்லை. எல்லா டெம்ப்பையும் தூக்கிடு என்றாரே, அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரோ. அந்தச் சிரிப்பு. இல்லை, அவ்வளவு புத்தியை அவர் தலையில் ஏற்றி வைப்பது அநியாயம். இருந்தாலும் அந்தச் சிரிப்பு. இருக்கட்டும், தெரிந்து சொன்னாலும் தெரியாமல் சொன்னாலும் அந்த ஃபோல்டரில் நான் கை வைக்கப் போவதில்லை.

பட்டியலில் கடைசியாக ஒன்று, எல்லாவற்றையும்விடப் பெரிது. முந்தைய விண்டோஸ், பத்தொன்பது ஜிபி. போன வாரம் கம்ப்யூட்டர் பராமரிக்கும் கான்ட்ராக்ட்காரரின் ஆள் வந்து மெஷின் மெதுவாக இருக்கிறதென்று விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனான், பழையது அப்படியே ஒரு மூலையில் கிடக்கிறது, அதனால்தான் இந்தச் சிவப்பு. இது ஒன்று போனால் போதும், மூச்சு விடும். டிக் அடித்தேன். ஓகே கொடுத்தேன். அழித்தால் பழைய நிலைக்குத் திரும்பிப் போக முடியாது, நிச்சயமா என்று கேட்டது. திரும்பிப் போகிற உத்தேசம் எனக்கில்லை. அந்த ஆமாம் பொத்தான்மேல் அம்பு போய் நின்றுவிட்டது, விரல் அழுத்த வேண்டியதுதான் பாக்கி. எதற்கும் என் டெம்ப்பை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு அழுத்துவோம் என்று திரையில் அந்தப் பெட்டியை நகர்த்தி டெஸ்க்டாப்பைப் பார்த்தேன். இடது மூலை காலி.

காலி. வரி இருக்கிறது, குடிநீர் இருக்கிறது, பிறப்பு இறப்பு இருக்கிறது. டெம்ப் இல்லை. ஒரு வாரமாக இதே டெஸ்க்டாப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இல்லை என்பதுகூடக் கண்ணில் படவில்லை, ஏனென்றால் இன்றைக்கு முன்னால் ஒரு வாரமாக எனக்குப் பிரேக் வரவில்லை, இன்றைக்குக் காலையில் அச்சடித்ததை இன்னும் சேமிக்கவில்லை, அது தேவைப்படவில்லை. நானே என் டெம்ப்பைத் தேடவில்லை என்றால் வேறு எவன் தேடப் போகிறான். அந்தப் பையன் என்ன செய்தான், நினைவுபடுத்து, நாற்காலியில் அவன், பக்கத்தில் நான் நின்றேன், மேனேஜரிடம் கேட்டான், இதுல எதெல்லாம் சார் முக்கியமான ஃபோல்டர். அவர் ஒவ்வொன்றாய்ச் சொன்னார், வரி, குடிநீர், பிறப்பு இறப்பு, வேற ஒண்ணுமில்ல. நான் அங்கேதான் நின்றேன். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். டெம்ப்பும் முக்கியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அப்போது எனக்கே அது தெரியவில்லை. புது விண்டோஸ் போடும்போது பழையதில் இருந்த அத்தனையையும் வாரிக் கட்டி விண்டோஸ் டாட் ஓல்டு என்ற ஒரே ஃபோல்டருக்குள் போட்டுவிடும், ஆட்களின் டெஸ்க்டாப் உட்பட. முக்கியம் என்றவற்றை மட்டும் அவன் வெளியே எடுத்தான். அப்படியானால் மிச்சம் எல்லாம் அதற்குள்ளே. அதைத்தான் முந்தைய விண்டோஸ் என்ற பேரில் நான் இப்போது டிக் அடித்து, நிச்சயமா என்று அது கேட்டு, விரலை வைத்திருக்கிறேன். குப்பை என்று ஊர் சொல்கிற டெம்ப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்டு, பாதுகாப்பானது என்று மெஷினே சொன்ன வழியில் என் பதினான்கு வருடத்தையும் என் கையாலேயே அனுப்பப் பார்த்தேன். வேண்டாம் என்பதை அழுத்தினேன். சி டிரைவுக்குள் போய், விண்டோஸ் டாட் ஓல்டு, அதற்குள் யூசர்ஸ், அனுமதி இல்லை என்றது, தொடரவா என்றது, தொடர், இது என் வீட்டுச் சாமான், தொடர். அட்மின், டெஸ்க்டாப். அங்கே இடது மூலையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது, டெம்ப்.

அதை வெட்டி எடுத்து வெளியே சி டிரைவில் ஒட்டினேன். ஒரே டிரைவுக்குள் நகர்த்துவதற்கு இடம் வேண்டாம், கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. திறந்து தேதிவாரியாக அடுக்கினேன். மாலதி என்பவருக்கு ஆண் குழந்தை, தேதி பார்த்தேன், பிரேக். கீழத்தெரு குடிநீர் இணைப்புப் பட்டியல், பிரேக். வெள்ள நிவாரணப் பெயர்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு, அன்றைக்கு இடுப்பளவு தண்ணீரில் புடவையைத் தூக்கிக்கொண்டு வந்தேன், பிரேக். நான் பால் பீய்ச்சிவிட்டு வந்து அடித்த அந்த வரி நோட்டீஸ், பிற்பகல் இரண்டு நாற்பது, பிரேக். எனக்குச் சிரிப்பு வந்தது. யாருமில்லாத ஆபீசில் வாய்விட்டுச் சிரித்தேன். வந்திருக்கிறேன், பார் வந்திருக்கிறேன், ஒவ்வொரு நாளும் வந்திருக்கிறேன். அப்புறம் அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்தது. வேலை போனபிறகு ஒரு நாள் சான்றிதழ் வாங்க வந்தபோது வின்சென்ட் எனக்குக் காட்டியிருக்கிறார், மெஷின் தேதியை மாற்றிவைத்துவிட்டுக் கோப்பைத் திருத்தினால் பொய்த் தேதி விழுந்துவிடும் என்று. நகராட்சி வக்கீலுக்கு அது தெரியாமலா இருக்கும். கம்ப்யூட்டர் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பார். நான்காம் மனுதாரரின் பொறுப்பில். நான்காம் மனுதாரருக்குத் தேதியை மாற்றத் தெரியுமா. தெரியும். முடிந்தது. பதினான்கு வருடம் உழைத்தது மட்டும் போதாது, உழைத்ததைத் திருடவில்லை என்றும் நான்தான் நிரூபிக்க வேண்டும். போங்கடா. இருக்கிறது, இங்கே இருக்கிறது, வக்கீலம்மாவிடம் சொல்வேன், வந்து மெஷினைக் கேட்டு வாங்கட்டும். இல்லாததைவிட இருப்பது மேல்.

மணி ஒன்று ஐம்பது. மறுபடி முதலிலிருந்து, கிளீனப், கட்டங்கள், டிக், முந்தைய விண்டோஸையும் இந்த முறை தைரியமாக. நிச்சயமா. நிச்சயம். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. அது நகரட்டும் என்று டிபன் பாக்ஸைத் திறந்தேன், தயிர்சாதம், மாங்காய் ஊறுகாய், வெயிலுக்குச் சாதம் லேசாகப் புளித்திருந்தது. பாதி சாப்பிடும்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. மெஷின் தூங்கப் போகும்போது தன் நினைவையெல்லாம் எழுதி வைப்பதற்கென்று ஆறு ஜிபி எப்போதும் ஒதுக்கிப் பிடித்து வைத்திருக்கும். இந்த மெஷின் என்றைக்குத் தூங்கியது. அதைக் கையால் அழிக்கக் கூடாது, வின்சென்ட் அழித்ததில் அதுவும் ஒன்று, நிறுத்தச் சொல்லி உத்தரவு கொடுத்தால் தானே விட்டுவிடும். கறுப்புத் திரையை அட்மினாகத் திறந்து அந்த ஒற்றை வரியை அடித்தேன். பதில் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஆறு ஜிபியை விட்டுவிட்டது. இரண்டு பதினைந்துக்கு மை கம்ப்யூட்டரைத் திறந்தபோது சிவப்புப் போய் நீலம். முப்பத்தோரு ஜிபி காலி. மெஷின் உயிரோடு இருக்கிறது, டெம்ப்பும் இருக்கிறது. ஸ்கேனருக்குள் முதல் பக்கத்தைக் கொடுத்தேன், இந்த முறை மறுப்புச் சொல்லாமல் விழுங்கியது. பத்து, இருபது, பக்கங்களின் சூடு விரலில் ஏறியது. படிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முப்பத்தேழாம் பக்கத்தில் என் பெயர் கண்ணில் பட்டுவிட்டது. நான்காம் மனுதாரர் ஒவ்வொரு எண்பத்தொன்பது நாள்களுக்குப் பிறகும் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்றும், அவ்வாறு விடுவிக்கப்பட்ட எந்த நாளிலும் அவர் அலுவலகத்துக்கு வரவோ எவ்விதப் பணியும் செய்யவோ இல்லை என்றும் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. பணிவுடன். அந்தப் பக்கம் சற்றுக் கோணலாக விழுந்துவிட்டது. எடுத்து, நேராக்கி, மறுபடி வைத்தேன். இந்தப் பக்கம் எல்லாவற்றையும்விடத் தெளிவாக இருக்க வேண்டும்.

மேனேஜர் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தபோது இரண்டு நாற்பது. என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

“இடம் வந்திருச்சா? நான்தான் சொன்னேன்ல, டெம்ப்பைத் தூக்குனாப் போதும்னு.”

“தேவையில்லாததை மட்டும் தூக்கினேன் சார்.”

“சரி சரி, ஏத்து, டயமாச்சு.”

தளம் திறந்தது. வழக்கு எண், ஆவணத்தின் பெயர், பக்கங்கள் எண்பத்து நான்கு. அதற்குக் கீழே ஒரு கட்டம், பதிவேற்றுபவரின் பெயரும் பதவியும்.

“யார் பேர் சார் போட? உங்க பேரைப் போடட்டுமா?”

அவர் ஓரடி பின்னால் போனார். “என் பேரெல்லாம் வேணாம்மா. நாளைக்கு ஒரு பக்கம் விட்டுப்போச்சுன்னா என்னையில்ல தொங்க விடுவாங்க. நீதான ஸ்கேன் பண்ணின, உன் பேரையே போடு.”

பேசாமல் பெயரை அடித்துவிடலாம். ஆனால் திருட்டுத்தனமாக எதையும் இந்த நாற்காலியில் நான் செய்ததில்லை, இதையும் செய்ய மாட்டேன், இவர் வாயாலேயே சொல்லட்டும்.

“சார், இன்னைக்கு எனக்குப் பிரேக்.”

“அது ரிஜிஸ்டர்லம்மா” என்றார், சலிப்போடு. “இது கம்ப்யூட்டர்தான. போடு போடு.”

ப. தமயந்தி, கணினி இயக்குநர், தற்காலிகம், தாழையூர் நகராட்சி. ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தேன். சமர்ப்பி. வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. அத்தாட்சி வந்தது. எதிர்மனுதாரரான நகராட்சியின் பதில் மனு பெறப்பட்டது, பதிவேற்றியவர் இன்னார், இன்றைய தேதி, பிற்பகல் இரண்டு நாற்பத்தேழு. தேதியைப் போட்டது இந்த மெஷின் இல்லை, நீதிமன்றத்தின் மெஷின். அதை நான் மாற்றினேன் என்று எந்த வக்கீலும் சொல்ல முடியாது. முப்பத்தேழாம் பக்கத்தில் நான் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள், அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு ரசீது என் பேரில். பிரின்ட் கொடுத்தேன், இரண்டு. மை காயாத காகிதம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது.

“எதுக்கும்மா ரெண்டு காப்பி?”

“ஒண்ணு ஆபீஸ் ஃபைலுக்கு சார்.”

“இன்னொண்ணு?”

“நான்காம் மனுதாரருக்கு.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். அவருடைய சிரிப்பு மெதுவாக நின்று, கண் என்னைத் தாண்டி, சுவரோரமாய் மேஜைமேல் திறந்து கிடந்த வருகைப் பதிவேட்டுக்குப் போனது, அங்கே அவர் காலையில் போட்ட சிவப்புக் கோட்டில் போய் நின்றது. க்யூவில் ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். மீதித் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன், ஐந்து நிமிடம் உட்காருங்கள் என்றேன்.